அவர் கூட்டி வந்த சாட்சி

சூரியம் மூன்றாவது தடவை வந்தபோதும் தவமலர் அவரை உள்ளே கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பின்வாசலில், அழுக்குத் துணி மூட்டைகளை இறக்குகிற மேடைக்குக் கீழே, அவர் பனியில் நின்றார். மேலே நின்றபடி அவள் கையுறைகளை விரல் விரலாகக் கழற்றினாள். அவசரமே காட்டவில்லை. எட்டு வருசம் அவர் முன்னால் அவள் இப்படித்தான் நின்றிருக்கிறாள், அவர் போனில் கதைத்து முடிக்கும்வரைக்கும்.

"தங்கச்சி, குளிருது" என்றார் சூரியம்.

"ஓம் அண்ணை. இண்டைக்கு மைனஸ் பதினெட்டாம்."

"உள்ளை வந்து கதைக்கலாமோ?"

"வேலை இடம். வெளியாக்களை விடாயினம்."

அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஒரு காலத்தில் தொழிற்சாலைக் கதவை அடைத்துக்கொண்டு நின்ற உடம்பு. இப்போது கோட்டுக்குள் எங்கேயோ இருந்தது. அந்த எட்டு வருசத்தில் அவர் அவளை ஒருநாளும் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. 'ஏய்' என்பார். கோபம் வந்தால் 'எடியே'.

"பங்குனி முடியிறதுக்குள்ளை ஒரு சாட்சி வேணும் எண்டு லோயர் சொல்லிப்போட்டார். இல்லாட்டி பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள். உம்மை விட்டால் எனக்கு இங்கை ஒருத்தரும் இல்லை."

"ஏன், உங்களிட்டை வேலை செய்த மற்றாக்கள்?"

அவளுக்குப் பதில் தெரியும். அவர் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது.

சூரியம் சப்பாத்து நுனியால் பனியைக் கிண்டினார். "அவையைத்தான் திருப்பி அனுப்பிப்போட்டாங்களே."

"ஆர் காட்டிக் குடுத்தது?"

அவருடைய மூக்கிலிருந்து நீர் வடிந்தது, துடைக்கவும் இல்லை. தவமலர் அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள். "வியாழக்கிழமை வாங்கோ."

உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகு, கண்ணாடித் துண்டு வழியாக, அவர் பஸ் தரிப்பிடம் வரை நடந்து போவதை அவள் கடைசிவரை பார்த்தாள். அவருடைய கார் போய்விட்டது. வீடும் போய்விட்டது. இனி அவர் தன் கையாலேயே 'இவள்தான் என் சாட்சி' என்று எழுதித் தர வேண்டும். அதற்காகத்தான் அவள் மூன்று வருசம் பொறுத்திருந்தாள்.

*

அந்த நாட்டில் விசா இல்லாமல் ஒளித்திருக்கிறவர்களுக்கு ஒரு சட்டம் வந்து நாலு வருசம் ஆகியிருந்தது. தொடர்ச்சியாக ஏழு வருசம் அங்கே வாழ்ந்ததை நிரூபித்தால் நிரந்தர வதிவுரிமை. கேட்க இலகுவாகத்தான் இருந்தது. ஆனால் ஒளித்திருக்கிறவனிடம் என்ன பத்திரம் இருக்கும்? வீட்டு வாடகை வேறொருவர் பேரில், சம்பளம் கையில், வருத்தம் வந்தால் வேறொருவரின் ஆஸ்பத்திரி அட்டை. முதல் வருசம் கொண்டுபோன கடிதங்களில் பாதிக்கு மேல் கள்ளக் கடிதம் என்று அரசாங்கம் கண்டுபிடித்தது. அதன் பிறகு கடிதத்தை எல்லாம் தள்ளிவிட்டு மனிதரின் நினைவைக் கேட்டது. விசா உள்ள ஒருவர், இரத்த உறவோ கலியாண உறவோ இல்லாதவர், ஏழு வருசமாக விண்ணப்பதாரரைக் கண்டு பழகியவர் வந்து வாசிப்பறையில் இருக்க வேண்டும். இயந்திரம் அவருடைய நினைவை வாசிக்கும்.

வாசித்தால் அது போய்விடும். அதுதான் விலை.

தவமலருக்குச் சாட்சி சொன்னவள் லூர்தஸ். மேல்வீட்டில் தனியே இருந்தவள், நகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், போர்த்துக்கலில் பிறந்தவள். எட்டு வருசம் இரண்டு பேரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். லூர்தஸுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தபோது தவமலர்தான் காலுக்கு எண்ணெய் போட்டுவிட்டாள். "எனக்கு எழுபத்திநாலு வயது. எப்படியும் மறக்கத்தான் போகிறேன். அது உனக்குப் பிரயோசனப்படட்டுமே" என்று சொல்லிவிட்டு அவள் வாசிப்பறைக்குள் போனாள். வெளியே வந்தபோது தவமலரைப் பார்த்து, பஸ்ஸில் ஏறுகிற யாரோ ஒருவருக்குச் சொல்வதுபோல் வணக்கம் சொன்னாள். தவமலர் மேலே சூப் கொண்டுபோன முதல் நாள் லூர்தஸ் கதவைச் சங்கிலி போட்டபடி திறந்து, "நான் ஒன்றும் கேட்கவில்லையே" என்றாள். அந்த மாதமே தவமலர் வீடு மாறினாள்.

வதிவுரிமை அட்டை கைக்கு வந்த மறுநாள் அவள் பொலிசுக்குப் போனாள்.

*

நிமலன் அவளுடைய தம்பி. ஏழு வயது இளையவன். தங்கள் ஊரான பொலிகண்டியிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வெளிக்கிட்டார்கள். மூன்று நாடு கடந்து, ஒரு மீன் லொறிக்குள் கிடந்து, அந்த ஏரிக்கரை நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. முதல் கிழமையே சூரியத்தின் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இடியப்பம், பிட்டு, ரோல்ஸ் எல்லாம் செய்து, உறையவைத்து, பொதியாக்கி, தமிழ்க் கடைகளுக்கு அனுப்புகிற இடம். விசா உள்ள ஒருவரையும் சூரியம் வேலைக்கு எடுத்ததில்லை. இல்லாதவர்கள் குரல் எழுப்ப மாட்டார்கள். யாராவது எழுப்பினால் இரண்டு நாளில் குடிவரவுக்காரர் அவர்களுடைய அறைக் கதவைத் தட்டுவார்கள். அப்படிப் பதினொரு பேர் போனார்கள். யார் தகவல் கொடுத்தது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் கதைப்பதில்லை.

நிமலன் கதைத்தான். சட்டம் வந்த மாசி மாதம், அப்போது இன்னும் கடிதங்களை ஏற்றுக்கொண்டிருந்தார்கள், எட்டு வருசம் வேலை செய்ததாக ஒரு கடிதம் தரும்படி சூரியத்திடம் நேரே கேட்டான். சூரியம் சிரித்தார். மூன்று நாள் கழித்து வேலைத்தலப் பரிசோதகர்களுடைய கார் வாசலில் வந்து நின்றது. எல்லாரையும் பின்கதவால் ஓடச் சொன்னார் சூரியம். நிமலன் ஓடவில்லை. "நான் அவையோடை கதைக்கப் போறன். என்னை அவை காணட்டும்" என்றான். சூரியம் அவனைப் பிடித்து, உறைபொதி வைக்கிற குளிரறைக்குள் தள்ளி, வெளியே கொண்டியைப் போட்டார்.

அன்று பின்னேரம் மற்றவர்களிடம், நிமலன் ஒரு லொறியில் ஏறி எல்லை தாண்டிப் போய்விட்டான் என்று சொன்னார். நாலாம் நாள் ஏரிக்கரைப் பூங்காவில், பனிக்குள், அடையாளம் தெரியாத ஒரு இளைஞனின் உடல் கிடந்தது. பத்திரிகையில் நாலு வரி வந்தது. குளிர்காலத்தில் வீடற்றவர்கள் அப்படிச் சாவது அந்த நகரத்துக்குப் புதிதில்லை. இலக்கம் போட்டுப் புதைத்தார்கள். அட்டை கிடைத்த பிறகுதான் தவமலர் போய், இரத்தம் கொடுத்து, அந்த இலக்கத்துக்குத் தம்பியின் பேரை வைத்தாள்.

பொலிசில் அவளிடம் கதைத்த பெண் அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டாள்.

"நீங்கள் கண்ணால் கண்டீர்களா?"

"கண்டேன். ரோல்ஸ் கூடைகள் அடுக்கி இருந்தன. அதற்குப் பின்னால் நின்றேன். அவர் தள்ளிப் பூட்டினதையும் கண்டேன். பிறகு உடலைத் தன் வான் வண்டியில் ஏற்றினதையும் கண்டேன்."

"பூட்டினதற்கும் ஏற்றினதற்கும் இடையில் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

தவமலர் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். அதிகாரி கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கொப்பியை மூடினாள்.

"என் நினைவை வாசியுங்கள். இயந்திரம் இருக்கிறதுதானே" என்றாள் தவமலர்.

"வதிவுரிமை விசாரணைக்கு மட்டும்தான் அது. குற்றம் சாட்டுகிறவர் கொண்டுவரும் நினைவைக் குற்ற நீதிமன்றம் எடுக்காது. கோபத்தில் இருக்கிற மனம் கண்டதைக் கூட்டிக் காட்டும் என்று தீர்ப்பு இருக்கிறது." எழுந்து கதவு வரை வந்தவள், ஏதோ ஞாபகம் வந்ததுபோல் சொன்னாள்: "அவராகவே ஒரு நினைவைத் தன் சாட்சியாகக் கொண்டுவந்தால் அது வேறு. தான் கொண்டுவந்ததைப் பொய் என்று பிறகு அவர் சொல்ல முடியாது. ஆனால் யார் அப்படிச் செய்வார்கள்?"

பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தவமலர் அந்தக் கேள்வியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

எட்டு வருசம் சூரியத்தின் அலுவலக அறையைக் கூட்டித் துடைத்தவள் அவள். மேசையின் அடி லாச்சிக்குள், பழைய ரப்பர் முத்திரைகளுக்குக் கீழே, ஊர் அடையாள அட்டை ஒன்று கிடந்ததை அவள் அறிவாள். படம் அவருடையது. பேர் பொன்னையா இராசநாயகம். கனகசூரியம் என்பது வரும் வழியில் கடலில் செத்த வேறொருவருடைய பேர். அந்தச் செத்தவனின் பத்திரத்தில்தான் இவர் அகதியாகி, குடியுரிமை எடுத்து, முதலாளியும் ஆனார்.

குடிவரவுத் திணைக்களத்துக்கு அவள் ஒரு கடிதம் எழுதினாள். ஒரே பக்கம். பேர் போடவில்லை.

விசாரணை இரண்டு வருசம் நடந்தது. குடியுரிமை போனது, தொழிற்சாலை போனது, வங்கி வீட்டை எடுத்தது. மனைவி இரண்டு வருசத்துக்கு முன்பே அவரை விட்டுவிட்டுத் தன் தமையனிடம் போயிருந்தாள். அவரும் விசா இல்லாதவர் ஆனார். அவரைப் போன்றவர்களுக்கு அந்த நாட்டில் ஒரே ஒரு வழி இருந்தது: ஏழு வருசமும் ஒரு சாட்சியும்.

தெரிந்தவர்கள் எல்லாரிடமும் போனார். கோயில் நிர்வாகத்தில் கேட்டார், கடைக்காரர்களிடம் கேட்டார். மாதம் ஒருதரம் கண்டவர்களின் நினைவு போதாது என்று லோயர் சொன்னார். நாளாந்தம் கண்ட ஆள் வேண்டும். அப்படிக் கண்டவர்களை எல்லாம் அவரே பிளேன் ஏற்றியிருந்தார். மிஞ்சியது தவமலர் ஒருத்தி. அவள் குளிரறைக்கு முன்னால் நின்றதை அவர் அறியவில்லை. மற்றவர்களோடு பின்கதவால் ஓடிவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தார்.

*

"வேண்டாம் அக்கா" என்றாள் ஜெசிந்தா.

ஜெசிந்தா சலவைக்கூடத்தில் அவளோடு வேலை செய்கிறவள். மன்னார்ப் பெண். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சூரியத்தைப் பற்றி அவளுக்கு மட்டும் தவமலர் சொல்லியிருந்தாள், அதுவும் முழுவதுமில்லை.

"விட்டால் அவராய்ப் போயிடுவார்தானே. பங்குனியோடை பிளேன் ஏத்திப்போடுவாங்கள். அது தண்டனை இல்லையோ?"

"ஊரிலை, கொக்குவிலிலை மாடி வீடு கட்டி வைச்சிருக்கிறார். வேலைக்கு ரெண்டு ஆள். அங்கை போய்ச் சாய்மனைக் கதிரையிலை இருந்து பேப்பர் வாசிப்பார். அதுவோ தண்டனை?" தவமலர் துணி மடித்துக்கொண்டே பேசினாள். கை நிற்கவில்லை. "அவர் இங்கை இருக்க வேணும். இந்த நாட்டிலை, இந்தக் குளிருக்குள்ளை, சாகும் மட்டும் இருக்க வேணும். நிரந்தரமாய் இருக்கத்தானே கேக்கிறார். இருக்கட்டும்."

"உங்களுக்கு என்ன மிஞ்சும்? அதைச் சொல்லுங்கோ."

"எனக்கென்ன?"

"எட்டு வருசம். அதுக்குள்ளை தம்பியும் இருக்கிறார்."

தவமலர் ஒரு படுக்கை விரிப்பை நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்தாள்.

"சாட்சி முடிஞ்சு வெளியிலை வந்து, தம்பி எங்கை எண்டு என்னட்டைக் கேப்பியள்" என்றாள் ஜெசிந்தா. "நான் என்ன சொல்ல?"

"அதை அப்ப பாப்பம்."

அதற்குமேல் அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசிக்க இடமே இருக்கவில்லை. சூரியம் என்ன முகத்தோடு அந்த அறையில் இருப்பார், கொண்டி போடுகிற தன் கையைத் தானே காணும்போது எப்படி இருக்கும் என்பதைத்தான் சாப்பிடும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அவள் நினைத்தாள். நினைக்க நினைக்க உடம்பில் ஒரு சூடு ஏறியது. அந்த மூன்று வருசமும் அவளை எழுப்பி வேலைக்கு அனுப்பியது அந்தச் சூடுதான்.

வியாழக்கிழமை சூரியம் வந்தார்.

"வாறன் அண்ணை" என்றாள் தவமலர்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "கடவுள் உன்னை நல்லாய் வைச்சிருப்பார் பிள்ளை. உனக்கும் அது நல்லம்தான். அந்தத் தொழிற்சாலைக் காலத்தை மறந்திடுவாய். தம்பி சொல்லாமல் கொள்ளாமல் ஓடின கவலையும் போயிடும். எல்லாம் மறந்து நிம்மதியாய் இருப்பாய்."

"ஓம்" என்றாள் அவள். "எனக்கும் மறக்கத்தான் வேணும்."

*

லோயர் நாற்பது வயதுத் தமிழர், அங்கேயே பிறந்தவர். மேசையில் ஒரே ஒரு கடதாசியை வைத்தார்.

"இதை விண்ணப்பதாரர் தன் கையால எழுதோணும். இந்தச் சாட்சியை நானே தேடிக் கூட்டி வந்தன், இவரின்ரை நினைவிலை இருக்கிறதெல்லாம் உண்மை எண்டு ஒத்துக்கொள்ளுறன், பிறகு மறுக்க மாட்டன். இவ்வளவுதான்."

"சத்தமாய் வாசிச்சுக் காட்டுவியளோ?" என்றாள் தவமலர்.

லோயர் இரண்டு தடவை வாசித்தார். சூரியம் பேனையை எடுத்தார்.

"கையெழுத்துக்கு முதல் ஒண்டு" என்றார் லோயர். "சாட்சி என்ன செய்திருந்தாலும் அவருக்கு மன்னிப்பு உண்டு. அப்படி இல்லாட்டி ஒருத்தரும் சாட்சிக்கு வராயினம். ஆனால் விண்ணப்பதாரருக்கு அந்த மன்னிப்பு இல்லை. அவ கண்டது எல்லாம் கணக்கிலை வரும். அவவுக்கு முன்னாலை நீங்கள் பெரிய குற்றம் ஏதும் செய்யேல்லைத்தானே?"

சூரியம் தவமலரைப் பார்த்தார். அவள் மடியில் கை வைத்தபடி, சாந்தமாக, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏசியிருப்பன்" என்றார் அவர். "முதலாளி எண்டால் ஏசுறதுதானே. வேறை ஒண்டும் இல்லை."

கையெழுத்து வைத்தார். பொன்னையா இராசநாயகம். சொந்தப் பேரை எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் எழுத்து ஒரு பிள்ளையின் எழுத்துப்போல் இருந்தது.

*

வாசிப்பறை ஒரு பல் வைத்தியரின் அறையைப் போலத்தான் இருந்தது. சாய்கதிரை, அதன் தலைமாட்டில் மெல்லிய கம்பிகள் ஓடும் ஒரு துணித் தொப்பி. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, லோயர், சூரியம். சாட்சியோடு துணைக்கு ஒருவர் வரலாம் என்பதால் ஜெசிந்தாவும் அங்கே ஒரு மூலையில் இருந்தாள். வாசிப்பதெல்லாம் அவர்களுக்கு முன்னால் உள்ள திரையில் வரும், தெளிவில்லாத படமும் சத்தமுமாக.

இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட பெண் தொப்பியைச் சரிசெய்தபடி சொன்னாள்: "ஒரு நினைவு எழும்போது அது இளகிப்போகும். பிறகு பழையபடி போய்ப் படுத்து இறுகும். இது அதை எழுப்பும், படுக்க விடாது. அவ்வளவுதான் வேலை. முதலில் இதை ஒரு குறை என்றுதான் நினைத்தோம். பிறகு அரசாங்கம் இதுவே நல்லது என்றது. இந்த விலைக்கு யாரும் பொய்ச் சாட்சி சொல்ல வரமாட்டார்கள்."

"எவ்வளவு போகும்?"

"அவரைக் கண்ட நாள் தொடங்கி, அவரோடு தொடுத்து நீங்கள் எதையெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அதெல்லாம். அவரைப் பற்றி நினைத்ததும் போகும்."

"அதற்கு முந்தினது?"

"அது இருக்கும்."

அப்படியென்றால் பொலிகண்டி இருக்கும். கடற்கரையில் சேட்டைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு ஓடுகிற நிமலன் இருப்பான். லொறிக்குள் அவள் மடியில் தலை வைத்துக் கிடந்தவன் இருப்பான். தவமலர் தலையாட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூரியம் புதுச் சேட் போட்டு, தலைமுடியைப் படிய இழுத்து, கோயிலுக்கு வந்தவர்போல் இருந்தார். அவரைப் பார்த்தபடியே அவள் கண்ணை மூடினாள்.

முதல் வந்தது தொழிற்சாலைக் கதவு. அதைத் திறந்த சூரியம், "என்ன, ரெண்டு பேரோ?" என்று கேட்டார். வந்த மாதிரியே அது போனது. இடியப்பத் தட்டுகள் வந்தன. நிமலன் கையில் எண்ணெய் தெறித்தது. நிமலன் சிரித்தான், நிமலன் தலைமுடி வெட்டிக்கொண்டு வந்தான், நிமலன் சம்பளத்தில் அவளுக்கு ஒரு குளிர்ச் சப்பாத்து வாங்கிவந்தான். ஒவ்வொன்றையும் அவள் பிடித்து வைக்கப் பார்த்தாள். பிடித்தது எது என்று அடுத்த கணம் தெரியவில்லை.

பிறகு அந்த மாசி மாதக் காலை வந்தது. அவள் கூடைகளுக்குப் பின்னால் நின்றாள்.

கொண்டி விழுந்த சத்தம். சூரியம் கையைத் துடைத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். பரிசோதகர்கள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். குளிரறைக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. சூரியம் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்து, பழைய இயந்திரம் ஒன்று இடிக்கிறது என்று அவர்களுக்குச் சொன்னார். அலுவலக அறையில் தேத்தண்ணீர் கொடுத்தார். ரோல்ஸ் கொடுத்தார்.

குளிரறைக் கதவு அவளுக்கு ஆறு அடி தூரத்தில் இருந்தது. கொண்டி வெளிப்பக்கம். அவள் நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் அலுவலகக் கதவு திறந்திருந்தது, பரிசோதகர்களின் முதுகு தெரிந்தது. வெளியே வந்தால் காண்பார்கள். கண்டால் இரண்டு பேரையும் அனுப்புவார்கள். 'இப்ப போயிடுவினம்' என்று அவள் நினைத்தாள். 'இன்னும் அஞ்சு நிமிசம்.' தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "அக்கா" என்று ஒருதரம் கேட்டது. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். இன்னும் அஞ்சு நிமிசம். தேத்தண்ணீர்க் கோப்பைகள் இரண்டாம் முறை நிறைந்தன. நாற்பது நிமிசத்தில் தட்டுவது நின்றது. அவர்கள் போக இன்னும் ஒரு மணித்தியாலம் ஆனது. அதுவரைக்கும் அவள் கூடைகளுக்குப் பின்னால்தான் நின்றாள்.

இந்த நாலு வருசத்தில் ஒருவருக்கும், தனக்கே கூட, முழுதாகச் சொல்லாதது அது. எழுந்தது. இளகியது. போனது.

*

கண் விழித்தபோது ஒரு வெள்ளை அறை. தலை லேசாக இருந்தது. ஜெசிந்தா பக்கத்தில் நின்றாள், முகம் அழுது வீங்கிக் கிடந்தது.

"என்ன ஜெசி? ஆருக்கும் வருத்தமோ?"

"இல்லை அக்கா. எழும்புங்கோ. மெல்ல."

வெளி நடைபாதையில் ஒரு வயதானவரை இரண்டு பொலிஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விசாரணை அதிகாரி இரண்டு தீர்மானங்களை வாசித்துக்கொண்டிருந்தார். விண்ணப்பதாரர் தொடர்ச்சியாக ஏழு வருசத்துக்கு மேல் இந்த நாட்டில் வாழ்ந்தது ஐயமில்லாமல் உறுதியாகியிருக்கிறது, நிரந்தர வதிவுரிமை வழங்கப்படுகிறது. இனி அவரை வேறெந்த நாட்டுக்கும் அனுப்ப முடியாது. இரண்டாவது, அவரே ஒப்புக்கொண்ட சாட்சியத்தின்படி, ஒரு மரணம் தொடர்பாக அவர் கைது செய்யப்படுகிறார்.

வயதானவரின் கண் தவமலரைக் கண்டது. புதுச் சேட்டின் கழுத்துப் பட்டன் தெறித்திருந்தது.

"நீ அங்கையோ நிண்டனி?" என்றார் அவர். சத்தம் பெரிதாக வரவில்லை. "கூடைக்குப் பின்னாலை நிண்டு பாத்துக்கொண்டோ இருந்தனி?"

"ஆர் இவர்?" என்று தவமலர் ஜெசிந்தாவைக் கேட்டாள். "எந்தக் கூடை? பாவம், வயசு போன மனுசன். ஏன் இப்பிடிப் பிடிச்சு இழுக்கிறாங்கள்?"

ஜெசிந்தா அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, நடைபாதையின் மறுகோடியில் யன்னலுக்குப் பக்கத்து வாங்கில் கொண்டுபோய் இருத்தினாள். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. தவமலர் கைப்பைக்குள் போனைத் தேடினாள்.

"நிமலனுக்கு ஒருக்கால் அடிப்பம். நாங்கள் வந்து சேர்ந்த நாளோடை அவனைக் கண்ட மாதிரியே இல்லை. எங்கை வேலைக்குப் போறவன் எண்டும் ஞாபகம் வருகுதில்லை. அவன்ரை நம்பர் இதிலை இல்லை, ஜெசி. ஏன் இல்லை?"

ஜெசிந்தா சொன்னாள். வேறு வழி இருக்கவில்லை. முழங்காலில் இருந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, குளிரறை என்றும், பூட்டினார் என்றும், நாலு வருசம் ஆகிவிட்டது என்றும் சொன்னாள். கல்லறை இருக்கிற இடத்தைச் சொன்னாள். அதற்குப் பேர் வைத்தது நீங்கள்தான் என்றாள்.

தவமலர் கன நேரம் அழுதாள். நாலு வருசத்துக்கு முந்தி சத்தம் போடாமல் அழுதது அவளுக்குத் தெரியாது. இப்போது நடைபாதை முழுக்கக் கேட்க அழுதாள். போகிறவர்கள் விலகிப் போனார்கள். பிறகு அழுகை நின்று, முகம் இறுகியது. ஜெசிந்தாவுக்கு அந்த முகம் தெரியும். சலவைக்கூடத்தில் மூன்று வருசம் துணி மடித்துக்கொண்டிருந்த முகம்.

"இப்ப கொண்டுபோனது அவனைத்தானோ?"

"ஓம்."

"நான் பாவம் எண்டு சொன்னனே."

"உங்களுக்குத் தெரியாதுதானே அக்கா."

"அவனை விட்டிடுவினமோ?"

"விடாயினம். அவர் இனி வெளியிலை வாறது கஷ்டம்."

"ஆர் பிடிச்சுக் குடுத்தது?"

"நீங்கள்தான்" என்றாள் ஜெசிந்தா. "மூண்டு வருசமாய் இருந்து நீங்கள்தான் செய்தனீங்கள். முடிஞ்சுது அக்கா. நீங்கள் நினைச்சமாதிரியே முடிஞ்சுது."

தவமலர் தனக்குள் தேடிப் பார்த்தாள். செய்து முடித்த ஒரு ஆறுதல், ஒரு சந்தோசம், எங்காவது இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. யாரோ செய்த காரியத்தை யாரோ சொல்லக் கேட்டதுபோல் இருந்தது. கோபம் மட்டும் இருந்தது, இப்போதுதான் பற்றின கோபம், போக ஒரு இடம் இல்லாமல்.

"உள்ளுக்குள்ளை இருந்து தட்டியிருப்பான்" என்றாள். "அவன் சும்மா இருக்கிற பிள்ளை இல்லை. தட்டினவனோ?"

ஜெசிந்தா தலையாட்டினாள்.

"கன நேரமோ?"

"கொஞ்ச நேரம்."

"ஆருக்கும் கேட்டிருக்க வேணுமே. பெரிய வேலை இடம் எண்டு சொல்லுறாய். ஒரு ஆள் கூடவோ இல்லை, அந்தக் கதவைத் திறக்க? இருந்தால் எனக்கு இப்ப சொல்லு, ஜெசி. கேட்டும் கேளாத மாதிரி ஆரும் அங்கை நிண்டிருந்தால், அந்தக் கிழவனுக்குச் செய்ததிலும் பாக்கக் கூட அவைக்கு நான் செய்வன்."

ஜெசிந்தா கண்ணாடிக்குப் பின்னால் இருந்து திரையைக் கடைசிவரை பார்த்தவள். தவமலரின் கோட்டை எடுத்து, ஒவ்வொரு கையாக மாட்டிவிட்டு, கழுத்துவரை பட்டனைப் போட்டுவிட்டாள்.

"இல்லை அக்கா" என்றாள். "அங்கை ஒருத்தரும் இருக்கேல்லை."